இங்கிலீஷ் பிரிவு பெபிஷா

ஜூன் 5, வியாழன்

அஜிதா இன்று தன் மகள் ஸ்ரீஜாவை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தாள். அஜிதா என்னிடம் படித்தவள். அவள் கையைப் பிடித்து 'அ' எழுதப் பழக்கியதே நான்தான். என் அறைக்குத்தான் வருகிறாள் என்று எழுந்து நின்றேன். சிரித்துவிட்டு, என்னைத் தாண்டி இங்கிலீஷ் பிரிவு டீச்சர் பெபிஷாவின் அறைக்குப் போய்விட்டாள்.

திரும்பும்போது, "டீச்சர், மனசுல ஒண்ணும் வச்சிராதீங்க. அவ அப்பா துபாயில இருந்து சொல்லியாச்சு, இங்கிலீஷ்லதான் சேக்கணும்னு" என்றாள்.

"அதுக்கென்ன மக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஜூன் 11, புதன்

ஒரே அரசுப் பள்ளி, ஒரே சத்துணவு. ஆனால் ஒன்றாம் வகுப்பு இரண்டு. தமிழ்வழி எனக்கு, ஆங்கிலவழி பெபிஷாவுக்கு. ஆங்கிலப் பிரிவு திறக்கச் சொன்ன அரசு அதற்கென்று தனியாக ஓர் ஆளைத் தரவில்லை. இருப்பவர்களில் ஒருவர்தான் எடுக்கவேண்டும். அது ஏன் அவளாக இருக்கவேண்டும்? அவளும் என்னைப்போலத் தமிழில் படித்து வந்தவள்தானே? அவள் வேலைக்கு வந்ததே நேற்றுபோல இருக்கிறது.

தலைமையாசிரியர் ராஜையன் சாரிடம் கேட்டே விட்டேன். "அந்தப் பிள்ளைக்கு நாக்கு நல்லா திரும்பும் டீச்சர். தமிழ்னா நேசபாய் டீச்சரை விட்டா ஆரு?" என்றார்.

என்னைப் புகழ்ந்தாரா, ஒதுக்கினாரா?

ஜூலை 3, வியாழன்

பெற்றோர்கள் சேர்ந்து அவள் அறைக்கு வர்ணம் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மஞ்சள். இரண்டு அறைக்கும் பொதுவான வராந்தாச் சுவரில், அவள் வாசலோடு மஞ்சள் நின்றுவிட்டது. என் பக்கம் பழைய சுண்ணாம்பு.

அந்தப் பக்கம் பாட்டு கேட்டதும் என் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு திரும்புகிறார்கள். "இங்க பாருங்கலே!" என்று கத்தினேன். ஒரு பிள்ளை அழுதுவிட்டது.

ஜூலை 22, செவ்வாய்

வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார். பெபிஷாவின் பிள்ளைகள் ஆற்றைப் பற்றி ஓர் ஆங்கிலப் பாட்டை ஆடிக்கொண்டே பாடினார்கள். அவர் கைதட்டினார். நான் வாசலில் நின்றிருந்தேன். வாய் சும்மா இருந்ததா?

"சார், ரிவர்னா என்னன்னு ஒரு பிள்ளையிட்ட கேளுங்க."

கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. ஸ்ரீஜாவின் வீடே பழையாற்றங்கரையில். அவளும் தரையைப் பார்த்தாள். பெபிஷாவின் முகம் சிவந்துவிட்டது.

எனக்கு இனித்தது — பொய் எழுத மாட்டேன். மத்தியானம் சோறு இரண்டாம் தடவை போட்டுத் தின்றேன்.

ஜூலை 23, புதன்

பெபிஷா என்னிடம் பேசவில்லை. நானும்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பள்ளியில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஓர் ஆசிரியர் உபரியாம். மாற்றல் வரப்போகிறது. என் வகுப்பில்தான் பிள்ளைகள் குறைவு, நான்தான் போகவேண்டும் என்று மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

ஆனால் போகிறவள் பெபிஷா. கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவர்தான் போகவேண்டும் என்பது விதி. மலையோரத்தில் ஏதோ ஒரு பள்ளி.

"அப்போ இங்கிலீஷ் பிரிவு?" என்று சாரிடம் கேட்டேன்.

"ரெண்டையும் சேத்து நீங்கதான் பாக்கணும் டீச்சர். வேற ஆளு ஏது?"

கேட்டது கிடைத்துவிட்டது. இங்கிலீஷ் புத்தகங்களை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன், இன்னும் பிரிக்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இரண்டு பிரிவும் மஞ்சள் அறையில். ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தைப் பிரித்தேன். எழுத்தெல்லாம் தெரியும், அர்த்தமும் தெரியும். வாய்தான் திறக்கவில்லை. தமிழிலேயே நடத்திவிட்டேன். பிள்ளைகளுக்குப் புரிந்தது. ஆனால் அவர்களை அனுப்பியது அதற்கில்லையே?

ஸ்ரீஜா கேட்டாள்: "அந்த டீச்சர் எப்ப வருவாவ?"

எரிந்தது. போன பிறகும் அவள்தான்.

செப்டம்பர் 2, செவ்வாய்

அஜிதா பள்ளி கேட் பக்கத்தில் நின்றாள். "பிரைவேட்ல மாத்தலாமான்னு அவ அப்பா கேக்குதாரு டீச்சர்."

அவள் போனால் இன்னும் சிலர் போவார்கள். பிறகு பிரிவையே மூடிவிடுவார்கள். போக வழியில்லாத பிள்ளைகள்தான் மிச்சம் இருப்பார்கள். அதுகளுக்கு இங்கிலீஷ் வேண்டாமா?

"கிறிஸ்துமஸ் லீவு வரைக்கும் பொறு மக்கா" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

செப்டம்பர் 4, வியாழன்

பெபிஷாவுக்கு போன் போட்டேன். மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

பஸ் ஏறித் திங்கள்நகருக்கு, அவள் வீட்டுக்கே போய்விட்டேன். வாசலுக்கு வந்தவள் ஒதுங்கி வழிவிட்டாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள். விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைகள் முன்னால் இங்கிலீஷ் பேச வாய் வரவில்லை, சொல்லித் தருவியா என்று கேட்டேன்.

"அண்ணைக்கு நீங்க கேட்டது சரிதான் டீச்சர்" என்றாள். "அர்த்தம் சொல்லிக் குடுக்காதது என் தப்பு. ஆனா பிள்ளையள முன்னாடி வச்சு கேட்டிருக்கண்டாம்."

"கேட்டிருக்கக் கூடாதுதான்" என்றேன்.

பால் விடாத கட்டஞ்சாயா கொண்டுவந்து வைத்தாள். நான் கொண்டுபோன புத்தகத்தில் முதல் பாடத்தை அவளே ஒருமுறை வாசித்துக் காட்டினாள். எவ்வளவு தெளிவாக வருகிறது அவளுக்கு! இப்போதும் பொறாமைதான், அது போகவில்லை. பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "இனி நீங்க வாசிங்க. பைய வாசிச்சா போரும்" என்றாள்.

வாசித்தேன்.