சிவப்புத் துண்டு கட்டாமல் ஓடிய நாள்

நேற்று எங்கள் அலுவலகத்து அறிவித்தல் பலகையில் மறுபடியும் அந்த ஓட்டப் போட்டியைப் போட்டிருந்தார்கள். அதே பத்து மைல்தான். வீட்டுக்கு வந்து, ஏதோ பேச்சுவாக்கில் சொல்வது போலப் பிள்ளைகளிடம் சொன்னேன். நடுவிலாள் எழுந்து போய் உன் பெட்டகத்தைத் திறந்தாள். அந்தச் சிவப்புத் துண்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். இரண்டு வருடமாக நான் தொடாத துண்டு. நீ மிச்சம் வைத்த நூல்களோடு கிடந்து அதில் கஞ்சி வாசம் ஏறியிருந்தது. அதை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டேன்.

எண்பத்தைந்தில் இதே போட்டிக்காக நான் ஓடிப் பழகப் போகிறேன் என்று சொன்னபோது நீ தறியை விட்டுத் தலை நிமிரவேயில்லை. "ஆரு உங்களத் துரத்துற?" என்று மட்டும் கேட்டாய்.

மூத்தவளுக்கு அப்போது ஏழு வயது, நடுவிலாளுக்கு நாலு, சின்னவள் கைக்குழந்தை. உடம்புக்கு நல்லது என்று உன்னிடம் சொன்னேன். அது முழு உண்மையில்லை. காலையில் பிள்ளைகளின் கூச்சல், பகலில் கல்முனையில் கோப்புகள், பின்னேரம் மறுபடியும் பிள்ளைகள். ஒரு மணித்தியாலமாவது யாரும் என்னிடம் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது எனக்கு. உனக்கும் அப்படி இருந்திருக்குமா என்று அன்று நான் யோசிக்கவில்லை.

நான் அக்கரைப்பற்றிலிருந்து உன் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை. காற்சட்டையோடு உன் தெருவில் ஓடினால் மருதமுனை முழுக்கச் சிரிக்கும் என்று நீ பயந்தாய். "சாரன மடிச்சுக் கட்டிட்டு ஓடுங்க" என்றாய். நாமிருவரும் சேர்ந்து செய்த பிழை அதுதான். கலவரம் எப்போது வெடிக்குமோ என்று ஊரே பயந்திருந்த அந்தக் காலத்தில், வளர்ந்த ஆம்பிளை ஒருவன் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் தெருவில் ஓடினால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? நமக்கு அது தோன்றவில்லை.

முதல் நாள் சுபஹ் தொழுதுவிட்டு ஓடத் தொடங்கினேன். தேநீர்க் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பலகைகளை எடுத்து மூடினார். ஏன் மூடுகிறார் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். பிறகு பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, பிறகு ஒரு கூட்டமே. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஏதோ நடந்துவிட்டது, என்னமோ வருகிறது என்று நானும் உயிரைப் பிடித்துக்கொண்டு வேகமாக ஓடினேன். என்னைக் கண்டு அவர்கள் ஓட, அவர்களுக்குப் பயந்து நான் ஓட, கடைசியில் எல்லாரும் பள்ளிவாசலில் போய் நின்றோம். இன்றைக்கும் அதை நினைத்தால் சிரிப்பு வரும், பாதியில் நின்றுவிடும்.

ஏனென்றால் நீயும் அங்கே நின்றாய். இடுப்பில் சின்னவள், கையில் மூத்தவள். நடுவிலாளைக் காணவில்லை. அவள் மூத்தவளின் மறுகையைப் பிடித்துக்கொண்டு வருகிறாள் என்றே நீ நினைத்திருந்தாய். உன் முகத்தில் இரத்தம் வற்றிப்போனதை அன்றுதான் முதலில் பார்த்தேன்.

வீட்டுக்கு ஓடினோம். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டது. கடைசியில் நீதான் தறிக்குழிக்குள் எட்டிப் பார்த்தாய். நீ மிதிக்கும் மிதிகளுக்கு நடுவே, இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு குந்தியிருந்தாள். "நாங்க கூப்பிட்டது கேக்கலியா மகள்?" என்றேன். "உம்மாதானே சொன்ன, ஆரு கூப்பிட்டாலும் வரப்படாதெண்டு" என்றாள். நாலு வயதுப் பிள்ளைக்கு நாம் சொல்லிக் கொடுத்திருந்த பாடம் அது.

தெரு முழுக்க வாசலுக்கு வந்து ஏசியது. "மருமகன், இந்தக் காலத்தில ஆம்பிள ஓடினா நாங்க என்னத்தக் கண்டோம்?" என்றார் தேநீர்க் கடைக்காரர். எனக்காக நீதான் மன்னிப்புக் கேட்டாய். இனி ஓடுவதில்லை என்று நான் சொன்னபோது, நீ கோபித்துக்கொண்டாய். "ஆசப்பட்டா ஓடுங்க. ஊருக்கு நான் சொல்லிக்கிறன்."

அன்று பின்னேரமே தறியில் இந்தத் துண்டை நெய்தாய். மறுநாள் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாய். "அவரு தலையில சிவப்புத் துண்டு கட்டி ஓடினா ஒண்டும் இல்ல, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாய். பிறகு நான் ஓடும்போது சிறுவர்கள் "சிவப்புத் துண்டு போகுது" என்று கத்தினார்கள். யாரும் கடையை மூடவில்லை. பெரியநீலாவணை எல்லை வரை போய்த் திரும்புவேன். வந்து பார்த்தால் நீ பிள்ளைகளுக்குச் சோறு கொடுத்து, உடுப்பு மாற்றி, தறியில் இருப்பாய்.

ஒருநாள் கேட்டாய். "ஓடக்குள்ள என்ன நினைப்பீங்க?"

"ஒண்டும் நினைக்கிறல்ல."

"ஒரு மணித்தியாலம் ஒண்டும் நினைக்காம இரிக்கலாமா?" என்றாய். பிறகு மறுபடியும் தறியை மிதித்தாய். நான் குளிக்கப் போய்விட்டேன்.

அந்த வருடம் போட்டி நடக்கவில்லை. கலவரத்தால் பாதைகள் கெட்டுப்போயிருந்தன. நான் பழகிய ஓட்டமெல்லாம் கடைசியில் ஒரே ஒரு நாளுக்குத்தான் உதவியது.

அந்த வருடக் கடைசியில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றாவது நாளும் இறங்காமல் உன்னைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு நீ போய்விட்டாய். அன்று கடையடைப்பு, பஸ் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உன் மௌத்துச் செய்தியைச் சொல்வதற்குள் பிள்ளைகளிடம் நான் போய்ச் சேர வேண்டும் என்பது ஒன்றுதான் என் தலையில் இருந்தது. சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு மூன்று மைலும் ஓடினேன். தலையில் துண்டு இல்லை. அது எனக்கு நினைவிலேயே இல்லை.

நான் நம் தெருவுக்குள் நுழைந்தபோது கதவுகள் படபடவென்று திறந்தன. எல்லாரும் பள்ளிவாசலை நோக்கி ஓடினார்கள். பக்கத்து வீட்டு ராத்தா மூத்தவளையும் சின்னவளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார். நடுவிலாள் எங்கே இருப்பாள் என்று எனக்குத் தெரியும். நானும் தறிக்குழிக்குள் இறங்கினேன். உன் கால் பட்டுத் தேய்ந்த மிதிகளில் என் காலை வைத்து அவளுக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அவள் வாயிலிருந்து கையை எடுத்து, மெல்லக் கேட்டாள்.

"துண்டு கட்டாம ஏன் வாப்பா ஓடி வந்தீங்க?"

அந்தக் குழிக்குள் வைத்துத்தான் சொன்னேன்.

அதன் பிறகு நான் ஓடவில்லை. இப்போது சோறு கொடுப்பதும் தலை பின்னுவதும் நான்தான். பின்னல் இன்னும் கோணல்தான். விடிந்ததிலிருந்து படுக்கும் வரைக்கும் யாராவது எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நீ எப்படி ஒரு நாளும் முகம் சுளிக்காமல் இருந்தாய் என்று எனக்கு விளங்கவேயில்லை.

இன்று சுபஹுக்குப் பிறகு நடுவிலாளே துண்டை என் தலையில் கட்டிவிட்டாள். முடிச்சை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். "போயிட்டு வாங்க வாப்பா, நாங்க சோத்தத் தின்னுறம்" என்றாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகவில்லை.

பழையபடி ஓட முடியவில்லை, நெஞ்சு இரைத்தது. பெரியநீலாவணை எல்லையில் நின்று மூச்சு வாங்கினேன். ஓடும்போது என்ன நினைப்பீர்கள் என்று கேட்டாயே. இன்று வழி முழுக்க ஒன்றைத்தான் நினைத்தேன். நீ அதைக் கேட்ட அன்று, "நீ கொஞ்சம் கடற்கரைக்குப் போயிட்டு வா புள்ள, புள்ளைகள நான் பாத்துக்கிறன்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லாமல் குளிக்கப் போய்விட்டேன்.