மூன்றாம் மாடிச் சிவப்புத் துண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள். வீட்டைப் பூட்டிவிட்டு உன்னோடு வந்துவிடச் சொல்லி நீ எழுதிய கடிதம் போன வாரமே கிடைத்தது. பதில் போடாமல் கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறாரே என்று திட்டியிருப்பாய். அப்படியெல்லாம் இல்லை. எனக்கு எதுவும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. இன்றுவரை அழவில்லை. ரொம்ப நேரம் மடக்கி வைத்து மரத்துப்போன கால் மாதிரி இருக்கிறது மனசு. பால் வாங்குகிறேன், துணி துவைக்கிறேன், மாத்திரை போடுகிறேன். முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

ஒரு வேலை வந்திருக்கிறது. நம் தெருமுனை வங்கிக்கு நூறு வயதாம். கூடத்தில் மாட்ட நம் தெருவை எண்ணெய் வண்ணத்தில் வரைந்து தரக் கேட்டார்கள். இன்னிக்குத் தெரு எப்படி இருக்கோ அப்படியே வேணும் சார், கற்பனை கிற்பனை வேண்டாம் என்றார் மேலாளர். எனக்கா கற்பனை! உங்கப்பாவுக்கு ஒரு மேகம்கூட சொந்தமா வராது என்று உன் அம்மாவே சொல்லிச் சிரித்தவள்தானே.

எதிர்ப்பக்கத் தையல் கடை வாசலில் ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டேன். வங்கித் தூண்கள், மருந்துக் கடைப் பலகை, மின்கம்பிகள் எல்லாம் நாலு நாளில் வந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை படத்தில் நம் கட்டடத்துக்கு வந்தேன். காரை உரிந்த இடத்தைக்கூட விடவில்லை.

தையல்காரர் கத்தரிக்கோலும் கையுமாக என் பின்னால் வந்து நின்றார். ஓட்டை வாய் அவருக்கு. படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில், சார், மணி நாலாகுது, இன்னும் சாப்பிடப் போகலையா என்றார். இன்னும் கூப்பிடலையே என்றேன். சொன்ன பிறகுதான் படத்தைப் பார்த்தேன். மூன்றாம் மாடியில் நம் ஜன்னலைத் திறந்து வைத்து, கம்பியில் சிவப்புத் துண்டையும் தொங்கவிட்டிருக்கிறேன்.

சாப்பாடு தயார் என்றால் உன் அம்மா அந்தத் துண்டைத்தானே தொங்கவிடுவாள். மூணு மாடி இறங்கி வந்து வெத்தலை பாக்கு வச்சா அழைக்கணும் என்பாள்.

நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது. மூன்று மாதமாக நான் அதைத் திறக்கவேயில்லை.

வண்ணம் ஈரமாக இருக்கும்போதே கத்தியால் வழித்துவிட்டால் சுவடு தெரியாது. காய்ந்துவிட்டால் அவ்வளவுதான். கத்தியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். முடியவில்லை. படத்தை வீட்டுக்கு எடுத்து வந்தேன். அலமாரியில் அம்மாவின் பல்வலிக்கு வாங்கிய கிராம்பு எண்ணெய் இருந்தது. அது கலந்தால் வண்ணம் சீக்கிரத்தில் காயாது. அந்த ஜன்னலில் மட்டும் இரண்டு சொட்டு கலந்து வைத்திருக்கிறேன். உன் பதில் வரும்வரை தாங்கும். வீடெல்லாம் அம்மா பக்கத்தில் வந்து பேசுகிற வாசனை. அதற்கும் அழுகை வரவில்லை, பசிதான் எடுத்தது.

படத்து ஜன்னலை மூடு என்று நீ சொன்னால் வழித்து மூடிவிடுகிறேன். படத்தைக் கொடுத்துவிட்டு, வீட்டையும் பூட்டிக்கொண்டு உன்னிடம் வந்துவிடுகிறேன். அப்புறம் ஒரு பேச்சும் பேசமாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் வந்துவிட்டுப் போம்மா. நான் தையல் கடை வாசலில்தான் நிற்பேன். என்னிடம் வராதே, நேரே மேலே போ. துண்டு கதவுக்குப் பின்னால் ஆணியில் இருக்கிறது. அதை மட்டும் நான் துவைக்கவில்லை.

நீ மகராசியாக இருக்க வேண்டும். மணி ஒன்றுக்கு ஜன்னலைத் திறந்து அதைத் தொங்கவிடு. நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

உன்,
அப்பா