வாசல் இருந்த பக்கம்

டாக்டரம்மா,

இன்று காலை ஒலக்கூர் சாலையில் ஒரு மருத்துவ வேன் நின்றிருந்தது. ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சின் வாசனை என் கார் வரை வந்தது. இடப்புறக் கதவு திறந்திருக்க, தாய்மார்கள் குழந்தைகளோடு வரிசையில் நின்றார்கள். காரை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். நீங்கள் இருந்திருந்தால் காரணம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

நம் வேனுக்குக் கதவு வலப்புறம். எண்பதுகளில், மருத்துவமனை எட்டாத ஊர்களின் குழந்தைகளுக்காக வெளிநாட்டுத் தொண்டு அமைப்பு ஒன்று அனுப்பிய வண்டி அது. அவர்கள் நாட்டு வழக்கப்படி ஸ்டியரிங் இடப்பக்கம், வாசல் வலப்பக்கம். "ஸ்டியரிங்கே ராங் சைடுல கீது, வாசலு மட்டும் எப்டி சார் ரைட்டா இருக்கும்?" என்பார் நம் ஓட்டுநர். நான் அப்போது திண்டிவனத்தில் வழக்கறிஞர். வேனை நடத்திய அறக்கட்டளைக்குச் சட்ட ஆலோசகர். எல்லாக் குழந்தைகளுக்கும் வேறுபாடின்றிச் சிகிச்சை என்பது அந்த உதவியின் முதல் நிபந்தனை. அதை நேரில் பார்க்கவே ஒருநாள் உங்களோடு வேனில் ஒரு சிற்றூருக்கு வந்தேன்.

அந்தச் சிற்றூரில் சாலைக்கு இடப்புறம் ஊர், வலப்புறம் காலனி. வண்டி இடது ஓரமாக நின்றதும் வாசல் காலனியைப் பார்த்துத் திறந்தது. காலனிப் பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். ஊர்ப்பக்கம் ஒருவரும் அசையவில்லை. நாட்டாண்மை என்னிடம் வந்தார்.

"வக்கீலய்யா, வண்டிய கொஞ்சம் திருப்பி நிறுத்தச் சொல்லுங்க. எங்க பசங்க அந்தாண்ட போயி அவங்களோட நின்னுக்கினு இருக்குமா?"

"திருப்பினா அவங்க இந்தப் பக்கம் வந்து நிக்கலாமா?" என்று கேட்டீர்கள்.

"அது எப்டிம்மா? வழக்கம்னு ஒண்ணு இருக்குதே. முடியாதுன்னா, அடுத்த மாசம் வண்டி இங்க வர வேணாம்."

முதலில் ஒரு பக்கமும் பிறகு மறுபக்கமுமாக நிறுத்தலாம் என்று நான் யோசனை சொன்னேன். வண்டி வராமற்போனால் இழப்பு இருபுறக் குழந்தைகளுக்கும் அல்லவா?

"ரெண்டு தடவை நிறுத்தினா நேரமாகி, ஐஸ் பெட்டியில தடுப்பு மருந்து கெட்டுடும் சார். வண்டி நின்னபடி நிக்கட்டும்" என்றீர்கள். குரலை உயர்த்தவில்லை.

அப்போதுதான் நாட்டாண்மை வீட்டு மருமகள் கைக்குழந்தையோடு ஓடிவந்தாள். வண்டியின் முன்பக்கமாகச் சுற்றினாள்.

"ஏ, எங்க போற?"

"ஒரே பேதி மாமா, கொழந்தைக்குக் கண்ணு சொருகிக்கினு போவுது. வாசலு எந்தப் பக்கமோ அங்கதான போவணும்!"

வரிசையில் முதலில் நின்ற காலனிப் பெண் விலகி, "நீ ஜல்தியா உள்ள ஏறும்மா" என்றாள்.

குழந்தையின் கண்கள் குழிந்திருந்தன. அழுதது, கண்ணீர் வரவில்லை. உப்பு சர்க்கரைக் கரைசலைக் கரண்டி கரண்டியாக நீங்களே புகட்டினீர்கள். இடையிடையே வரிசையும் நகர்ந்தது. ஊசி போட்டது நர்ஸ். வெயில் சாய்ந்த நேரத்தில் குழந்தை வீறிட்டது. தாய் பயந்துபோனாள்.

"அழட்டும்மா. கண்ணீர் வருது பாரு" என்றீர்கள்.

"வருதா? வந்துட்டுதா?" என்று வெளியிலிருந்து ஒரு குரல். நாட்டாண்மைதான். எப்போது சுற்றி வந்தாரோ, காலனிப் பெண்களுக்கு நடுவே வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். அடுத்த கரண்டியை ஊட்டினீர்கள்.

அந்த ஊர் மாறிவிட்டது என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. அடுத்த மாதம் வண்டியைத் திருப்பச் சொல்லி எவரும் வரவில்லை. ஊர்ப் பிள்ளைகளும் சாலைப்பக்கமாகச் சுற்றி வந்தார்கள். நான் அறிந்தது அவ்வளவே. முகம் தெரியாத நம் ஊர்க் குழந்தைகளுக்காக அந்த வண்டியை அனுப்பியவர்களுக்கு நன்றியுடையேன். அதைத் திருப்ப மறுத்த உங்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் அதனினும் பெரிது.

இன்று இறங்கியவன் வரிசையைத் தாண்டி, வேனின் வலப்புறம் சென்றேன்.

"யாரைத் தேடுறீங்க சார்?" என்றாள் ஒரு நர்ஸ் பெண்.

"இந்தப் பக்கம் யாராவது நின்றுகொண்டிருக்கிறார்களா என்று பார்த்தேன்."

ஒருவரும் இல்லை. அதை உறுதிசெய்துகொண்ட பின்னரே காரில் ஏறினேன்.