மறுபடி திறந்த பெட்டி

வியாழன், இரவு

அப்பாவின் அடக்க வீடியோ இன்று வந்தது. இத்தாலியில் இருக்கும் தம்பிக்காகத்தான் எடுப்பித்தோம்.

அன்று பெட்டியை மூடிய பிறகு வீடியோக்காரர் என்னிடம் வந்தார். "அக்கா, நீங்க கடைசியா அப்பாட நெத்தியில கொஞ்சினது வீடியோவுல விழல்ல. இன்னொருக்காத் திறப்பமா?"

தம்பி பார்க்க வேண்டுமே என்று ஓம் என்றேன். மாமி என் கையைப் பிடித்தார். "மூடின பெட்டியத் திறந்தா, திறந்தவனையும் கூட்டிட்டுப் போகும், புள்ள." நான் கேட்கவில்லை.

திறந்தது யாரென்று எனக்கு நினைவில்லை. வீடியோவில் தெரிகிறது. நான் கொஞ்சி முடிக்கும்வரை மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் என் கணவர்.

இன்று விடியற்காலை கடலுக்குப் போனவர். மத்தியானமே கரைக்கு வந்திருக்க வேண்டும். காற்று இன்னும் ஓயவில்லை.

தம்பி இப்போது குரல்பதிவு அனுப்பியிருக்கிறான். "அக்கா, நீங்க கொஞ்சிற துண்ட மட்டும் திரும்பத் திரும்பப் பாக்கிறன்."

அவன் பார்க்கப் பார்க்க, இவர் திறந்துகொண்டே இருக்கிறார்.