காலர் பார்த்துச் சொன்னவள்

ஜனவரி 9

என் செல்லக் கழுதைக்கு,

நான் சௌக்கியம். நம் சலவைக்கடைதான் சௌக்கியமில்லை. வங்கி மேனேஜர் சட்டையை எதிர்வீட்டு வாத்தியாருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் அதைப் போட்டுக்கொண்டே வந்து, "யோவ், இதுக்குள்ள இன்னொரு ஆளும் நுழையலாம்யா" என்று சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. இனி வரமாட்டாராம்.

உன் அம்மா எந்தத் துணியிலும் அடையாளம் போட்டதில்லை. காலர் தேய்ந்திருப்பதைப் பார்த்தே யாருடையது என்பாள். நான் பேனாவால் எழுதிப் பார்த்தேன். ஒரே அலசலில் எல்லாச் சட்டையும் நீலம்.

புற்றுநோய் அவளைக் கொண்டுபோய் வருஷமாகப் போகிறது. எப்போது வருகிறாய்?

உன் மக்கு அப்பா

பிப்ரவரி 2

அன்புள்ள அப்பா,

சிரித்துவிட்டேன், கோபிக்காதீர்கள். அறிக்கை முடியும்வரை லீவு கிடையாது. புற்றுநோயால் இளவயதில் இறப்பவர்களால் நாடு எவ்வளவு வருமானத்தை இழக்கிறது என்று கணக்கிடுகிறோம். சம்பளம் வாங்காதவர்கள் இறந்தால் இழப்பு பூஜ்யமாம். அந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது அப்பா. அம்மா போன்றவர்களையும் சேர்க்கவேண்டும் என்று மேலதிகாரிகளிடம் வாதாடுகிறேன். கடையிலிருந்து அம்மாவுக்குச் சம்பளம் ஏதாவது கொடுத்தீர்களா?

உங்கள் மகள்

பிப்ரவரி 20

செல்லத்துக்கு,

சம்பளமா! முதலாளி நானே அவளிடம்தான் டீக்குக் காசு வாங்கினேன்.

இஸ்திரி போடுகிறவரை நிறுத்திவிட்டேன். துணி வந்தால்தானே. "அக்கா இருந்திருந்தா என்னைய விட்டிருக்க மாட்டாங்கண்ணே" என்றார். இஸ்திரிப் பெட்டியையே கையில் கொடுத்து அனுப்பினேன். இவர் வேலை போனது எந்தக் கணக்கில் வரும்? உன் பெரியவர்களிடம் கேட்டுச் சொல்.

வா வா என்று இந்த முறை நச்சரிக்கவில்லை. கவனித்தாயா?

அப்பா

மார்ச் 28

அன்புள்ள அப்பா,

தோற்றுவிட்டேன். கணக்கிடும் முறையை மாற்ற முடியாதாம். அம்மா இல்லாமலே அறிக்கை போய்விட்டது. உடனே அடுத்த வேலையைத் தலையில் கட்டிவிட்டார்கள். கோடைக்குப் பிறகுதான் வர முடியும். தனியாக ஏன் கிடக்கிறீர்கள்? கடையை விற்றுவிட்டு இங்கே வந்துவிடுங்கள்.

உங்கள் மகள்

ஏப்ரல் 22

என் கண்ணுக்கு,

இதற்குப் போய் அழாதே. அம்மாவுக்குக் கணக்கென்றாலே ஆகாது.

கடையை மூடிவிட்டேன். அங்கே வந்தால் நீ வேலைக்குப் போனபின் நான் சுவரோடுதான் பேசவேண்டும். இங்குள்ள சுவருக்காவது என் அறுவை பழகிவிட்டது.

நேற்று பூட்டைச் சரிபார்க்கப் போனபோது, ஒரு பெண் துணி மூட்டையோடு நின்றாள். ரொம்ப நாள் வெளியூரில் இருந்தவளாம். "அக்கா இல்லையாண்ணே?" என்றாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. "மகளைப் பார்க்கப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டேன்.

"எப்ப வருவாங்க?"

கோடைக்குப் பிறகு என்றேன்.

அப்பா