ஏகாதசிக்கு வருகிறேன்

கட்வா
2.9.1968

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அடுப்படியில் விழுந்து வலது கை வெந்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் படிப்பவர் மன்னிக்கட்டும். துர்கா பூஜை வருகிறது. தேவியே பிறந்த வீட்டுக்கு வரும் நாட்கள். கல்யாணமாகி மூன்று பூஜை போய்விட்டது. இந்தப் பஞ்சமிக்கு வந்து என்னைக் கூட்டிப் போங்கள். அதற்குப் பிறகு வேண்டாம். வேறு ஆள் வந்தால் அனுப்ப மாட்டார்கள்.

உங்கள் மகள்
அஷ்டமி

ஷால்டங்கா
10.9.1968

அம்மா அஷ்டமி,

தபால்கார ஷிபு படித்தான். அவனே இதையும் எழுதுகிறான். கேட்டதிலிருந்து உன் அம்மா என்னை விடவில்லை. "மலையரசன் மாதிரி கல்லாட்டம் உக்காந்திருக்கியே. பார்வதிய கூட்டியாரவும் அவ ஆத்தாதான் அழ வேண்டியிருந்துச்சு" என்கிறாள்.

பஞ்சமி அன்றுதான் எனக்குக் கல்கத்தா வண்டி. முப்பத்தோரு வருடமாக அங்குள்ள பெரிய வீட்டுப் பூஜையில் என் மேளம் கேட்டுத்தான் தேவி இறங்குகிறாள். நீ பிறந்த அஷ்டமியிலும் அங்கேதான் கொட்டிக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் வந்து பார்த்தபோது நீ வலது கையை மூடி வைத்திருந்தாய். கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவு. தசமியன்று தேவியை ஆற்றில் விட்டதும், ஏகாதசிக் காலையில் உன் வாசலில் நிற்பேன். பொறுத்துக்கொள்.

அப்பா நிதாய்
(பெருவிரல் ரேகை)

கட்வா
20.9.1968

அப்பாவுக்கு,

சரி. "ஊரான் மகளையெல்லாம் கொட்டி அழைக்கிறாரே உங்கப்பா, உன்ன மட்டும் மறந்துட்டாரா?" என்று நாத்தனார் கேட்டாள். சிரித்து வைத்தேன். வரும்போது மேளத்தைத் தெருவிலேயே இறக்கி வையுங்கள். தேவியை அனுப்பக் கொட்டிய மேளம் இந்த வாசலுக்குள் வர வேண்டாம்.

அஷ்டமி

ஷால்டங்கா
16.10.1969

அம்மா அஷ்டமி,

எந்த விலாசத்துக்கு என்று ஷிபு கேட்கிறான். நீ எழுது என்றேன்.

போன வருடம் ஏகாதசிக்கு வந்தேன். மேளத்தைத் தெருவில்தான் வைத்தேன். "அஷ்டமியன்னிக்கு ஆத்துக்குக் குளிக்கப் போனா. திரும்பல. உங்க வீட்டுக்குத்தான் ஓடிட்டான்னு இருந்தோம்" என்றாள் உன் மாமியார், கதவைப் பாதி திறந்து. மூன்று நாள் கரையெல்லாம் தேடினேன். மண் கரைந்து, வைக்கோலும் மூங்கிலுமாக தேவிகள்தான் ஒதுங்கிக் கிடந்தார்கள். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்தேன்.

இன்று பஞ்சமி. பெரிய வீட்டு ஆளிடம் கை விளங்கவில்லை என்று சொல்லி அனுப்பினேன். கை நன்றாகத்தான் இருக்கிறது. காலையிலிருந்து வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். உன் அம்மா என்னோடு பேசி ஒரு வருடமாயிற்று. இன்றுதான் வாய் திறந்தாள்.

"தள்ளி உக்காரு. வாசல மறைக்காத."

அப்பா நிதாய்
(பெருவிரல் ரேகை)