அண்ணன் பெயரில் நட்ட வாழை

என் ஆசை அண்ணா,

நீங்கள் போன மாரி கழிந்து, அடுத்த மாரிக்கு வானம் இருட்டத் தொடங்கிவிட்டது. உங்கள் முதலாம் ஆண்டு ஆட்டத்திவசத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். நல்ல சேதியோடு எழுதத்தான் ஆசை. முடியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்குச் சில்வர் பாத்திரம் கொடுக்க அண்ணிக்கு மனம் வரவில்லை. "அவற்ற தோட்டத்து இதரைக் குட்டியையே குடுப்பம். வீட்டுக்கு வீடு அவர் நிக்கட்டும்" என்றார். ஆளுக்கொரு வாழைக்குட்டி, அடிமண்ணோடு. மல்லாவியில் பாதி வீடுகளில் நீங்கள் நின்றீர்கள். சித்தப்பா ஒன்றைப் பூவரசங்குளத்துக்கும் கொண்டுபோனார். கடைக்கார அக்கா என்னைக் கண்டால், "உன்ர கொண்ணன் குருத்து விட்டிட்டார்" என்று சிரிப்பார். எனக்கும் சிரிப்பு வரும், பிறகு கண் கலங்கும்.

இப்போது அந்த அக்கா சிரிப்பதில்லை. அவர் வீட்டு வாழையின் அடியிலைகள் ஓரம் மஞ்சளித்து, காம்பு முறிந்து, தண்டைச் சுற்றித் தொங்குகின்றன. உங்கள் தோட்டத்துக்கு ஓடினேன். அங்கேயும் அப்படித்தான். தண்டை வெட்டினால் உள்ளே கருஞ்சிவப்பு நரம்பு நரம்பாக ஓடுகிறது.

விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்தார். "இது பங்கசு, பூஞ்சண வருத்தம், தங்கச்சி. மண்ணில இருந்து வேரால ஏறி, மரத்துக்குத் தண்ணி போற வழியை அடைச்சுப்போடும். மருந்தில்லை. மழைக்கு முன்னம் கிழங்கோட கிண்டி எரியுங்கோ. குட்டியோட குடுத்த மண்ணிலயும் அது போயிருக்கும்." எத்தனை காலம் மண்ணில் கிடக்கும் என்று கேட்டேன். "எங்கட காலத்துக்குப் போகாது" என்றார்.

பிறகு காணியைச் சுற்றிப் பார்த்து, "ஏன் இங்க ஒரு புல்லும் இல்லை?" என்று கேட்டார். அண்ணா, புல்லோடு உங்களுக்கு அப்படி என்ன கோபம்? காணி கூட்டின முற்றம் போல இருக்கவேண்டும் என்று களைநாசினியை அடித்தடித்து வைத்தீர்களே. வேரோடு கூடி வாழ்ந்து, இந்த நோயை அடக்கி வைக்கிற நுண்ணுயிர்களும் மண்ணில் உண்டாம். புல்லும் சருகும்தான் அவற்றுக்குச் சாப்பாடாம். காவல்காரரைப் பட்டினி போட்டுவிட்டு, கள்ளனை வீட்டுக்கு வீடு அனுப்பிவிட்டோமா?

அண்ணியின் முற்றத்து வாழை மட்டும் பச்சையாக நிற்கிறது. குலையும் தள்ளிவிட்டது. முதல் சீப்பு உங்கள் படையலுக்கு என்று, தினமும் அதன் அடியில் விளக்கு வைக்கிறார். நேற்று கீழ் இலையை விலக்கிப் பார்த்தேன். ஓரம் மஞ்சள். மழை பெய்தால் அந்த முற்றத்து வெள்ளம்தான் கீழ்க்காணிகள் எல்லாவற்றுக்கும் ஓடும்.

"இதையும் எரிக்கவேணும் அண்ணி" என்றேன். அவர் திரியைத் தூண்டிக்கொண்டே கேட்டார்: "அவரை ரெண்டாந்தரமும் எரிக்கச் சொல்லுறியோ?"

 நீங்கள் என்ன சொல்வீர்கள், அண்ணா?

இடி முழங்குகிறது. பச்சை வாழை இலகுவில் பற்றாது. காய்ந்த ஓலை கட்டி வைத்திருக்கிறேன். விடிந்ததும் அண்ணியின் முற்றத்தில் தொடங்கி, ஒவ்வொரு வீட்டுப் படலையையும் தட்டுவேன். ஏசுகிறவர்கள் ஏசட்டும். அன்று பெண்பிள்ளை என்று என்னைச் சுடலைக்கு வர விடவில்லை. இந்த முறை உங்களுக்கு நெருப்பு வைக்கப்போவது நான்தான், அண்ணா.

உங்கள் ஒரே தங்கச்சி